வெட்டுப்பட்ட காசு

தமிழ்நாட்டில் ஒரு பழைய தங்கக் காசு மண்ணை விட்டு வெளியே வந்தால் அதற்கு மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள். நகைக்கடைக்காரர் தராசில் போட்டுப் பவுன் கணக்கில் ஒரு விலை சொல்வார். ஏலக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்து, தேய்மானம் எவ்வளவு, கீறல் உண்டா என்று ஆராய்ந்து வேறொரு விலை சொல்வார். மூன்றாமவர் நம் ஃபேஸ்புக் தமிழர். காசின் படத்தைப் போட்டு, ரோமாபுரியே நம் வாசலில் நின்றது என்று எழுதி, அதை விலைமதிப்பில்லாததாக ஆக்கிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார். இந்த மூவரில் ஒருவர்கூட அந்தக் காசு எந்த ஊரில், எந்தக் குழியில், எதோடு சேர்ந்து கிடந்தது என்று கேட்பதில்லை. சட்டம் மட்டும் கேட்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னவனுக்கு நஷ்டம் வருகிற மாதிரி கேட்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழங்காசுக்கு முதல் எதிரி பட்டறையில் இருக்கும் மூசை. அந்த மூசைக்கு விறகு போடுவது 1878ஆம் ஆண்டின் ஒரு சட்டம். இரண்டாவது எதிரி, கீறலில்லாத காசுதான் காசு என்று நினைக்கும் சேகரிப்பு மோகம். மூன்றாவது எதிரி நம்முடைய பெருமை. இந்த மூன்றோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

நான் நாணயவியல் படித்தவன் இல்லை. பொறியியல் முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில். எங்கள் மாவட்டத்தின் பெயர் உலக நாணயவியல் புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது என்பதை நான் பள்ளியிலோ கல்லூரியிலோ கேள்விப்படவே இல்லை. அமெரிக்கப் பழங்காசுகளைப் பற்றி எதையோ வாசிக்கப்போய், அங்கிருந்து கிளை பிரிந்து வந்து சேர்ந்த இடம் கறுக்காக்குறிச்சி.

*

கறுக்காக்குறிச்சி எங்கள் ஊருக்கு வடக்கே, கறம்பக்குடி பக்கம் உள்ள ஊர். 1898இல் அங்கே ரோமானியத் தங்கக் காசுகள் 501 கிடைத்தன. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம். காசுகளில் ஆகஸ்டஸ், டைபீரியஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் தலைகள் இருந்தன. அதாவது கி.பி. முதல் நூற்றாண்டின் பின்பகுதியில் எப்போதோ, யாரோ ஒருவர் இவற்றைப் புதைத்திருக்கிறார், திரும்பி வந்து எடுக்கவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஹில் அதே ஆண்டு இந்தக் காசுகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். புதையலின் ஒரு பகுதி இன்றும் அந்த மியூசியத்தில்தான் இருக்கிறது.

ஒரு ஔரியஸ் காசின் எடை எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. கிட்டத்தட்ட ஒரு பவுன். ஆக மொத்தம் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான தங்கம். நம் ஊர்க் கணக்கில் ஐந்நூறு பவுனுக்கு நெருக்கம். இந்த எண்ணைச் சொன்னதும் வாசிக்கும் உங்கள் மனம் இன்றைய பவுன் விலையால் அதைப் பெருக்கத் தொடங்கியிருக்கும். என் மனமும் பெருக்கியது. நாம் எல்லோரும் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்தப் புதையலில் கவனிக்க வேண்டியது எடை கிடையாது. அந்தக் காசுகளில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் வெட்டுப்பட்டவை. தேய்ந்து கீறிப்போனவை என்று நினைத்துவிடாதீர்கள். உளியை வைத்து ஓங்கி அடித்த வெட்டு. அதுவும் குறிபார்த்து, பேரரசனின் தலையின் மேலேயே விழுந்த வெட்டு.

ஏன் வெட்டினார்கள்? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வி நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று சோதிக்க என்றார்கள் சிலர். சோதிக்க ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு போதுமே, ஏன் முகத்தில் என்று கேட்டார்கள் வேறு சிலர். காசாகச் செல்லாது, இனி வெறும் பொன்தான் என்று அறிவிக்கும் முத்திரை அது என்பது இன்னொரு தரப்பு. அந்நிய மன்னனின் உருவத்தை அழிக்கும் செயல் என்பது மற்றொன்று. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் காசில் ரோமானியன் எழுதியது எல்லாம் ரோமிலும் கிடைக்கும். டைபீரியஸின் அதே தலை, அதே எழுத்து, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறது. இந்த மண்ணில் இருந்த ஒருவர் அந்தக் காசில் எழுதியது அந்த ஒரு வெட்டு மட்டும்தான். அந்த 501 காசுகளில் நம்முடையது என்று ஏதாவது இருந்தால் அது அந்தக் காயம்.

*

இப்போது அமெரிக்காவுக்குப் போய்விட்டு வருவோம். காரணம் இருக்கிறது.

அமெரிக்கா தன் முதல் தங்கக் காசுகளை 1795இல் பிலடெல்ஃபியாவில் அடித்தது. ஐந்து டாலர் காசுக்கு 'ஹாஃப் ஈகிள்' என்று பெயர். எடை 8.75 கிராம், தரம் 22 காரட். நம் நகைக்கடை போர்டுகளில் '916' என்று மின்னுகிறதே, அதே தரம். 1795 முதல் 1834 வரை அடிக்கப்பட்ட இந்தத் தங்கக் காசுகள்தான் இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் உச்சக் கனவு. 1822ஆம் ஆண்டின் ஹாஃப் ஈகிள் ஒன்று 2021இல் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

ஏன் இவ்வளவு விலை? அந்த ஆண்டில் அடித்ததே கொஞ்சம் என்று நினைப்போம். இல்லை, அந்த ஆண்டின் கணக்கில் இருப்பது 17,796 காசுகள். இன்று இருப்பதாகத் தெரிந்தவை மூன்று. அதில் இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். மீதி பதினேழாயிரத்துச் சொச்சம் காசும் எங்கே போயின? உருகிப்போயின. அந்தக் காலத்தில் அமெரிக்கச் சட்டம் தங்கத்துக்கு வைத்த மதிப்பைவிட வெளிச்சந்தையில் தங்கத்தின் மதிப்பு கூடுதல். ஐந்து டாலர் என்று முகத்தில் எழுதிய காசை உருக்கினால் ஐந்து டாலருக்கு மேல் கிடைத்தது. கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போய் மூசையில் விழுந்தன. 1834இல் காசின் எடையை 8.36 கிராமாகக் குறைத்தார்கள். அதன் பிறகு மிச்சமிருந்த பழைய கனமான காசுகளும் காணாமல் போயின.

இதையே 1770 ஆண்டுகளுக்கு முன்னால் நீரோ செய்தான். கி.பி. 64இல் ரோமானியத் தங்கக் காசின் எடையைக் குறைத்தான். அதுவரை ஒரு ராத்தல் தங்கத்தில் 40 காசு அடித்தவர்கள் அதன் பிறகு 45 காசு அடித்தார்கள். தென்னிந்தியாவில் கிடைக்கும் ரோமானியக் காசுகளில் ஆகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துப் பழைய காசுகள் அதிகமாக இருப்பது ஆய்வாளர்கள் எல்லோரும் கவனித்த விஷயம். காசு மட்டமாகும்போது நல்ல காசு பதுங்கும், இல்லையென்றால் நாடு தாண்டும். பொருளாதாரப் புத்தகத்தில் இதைக் கிரெஷாம் விதி என்பார்கள். பத்து ரூபாய் நோட்டுக் கட்டில் புதுசை ஒதுக்கிவைத்துவிட்டுக் கிழிந்ததைப் பஸ் கண்டக்டரிடம் நீட்டுகிற எவருக்கும் இந்த விதியை விளக்க வேண்டியதில்லை.

ஆக, அபூர்வம் என்பது காசில் பிறவியிலேயே இருப்பது கிடையாது. மூசையில் எதெல்லாம் விழவில்லையோ அதுதான் அபூர்வம். ஒவ்வொரு அபூர்வக் காசுக்குப் பின்னாலும், தன்னிடம் இருந்ததை உருக்காமல் விட்ட யாரோ ஒரு கிறுக்கன் இருக்கிறான். அந்தக் கிறுக்கனைத்தான் நாம் சேகரிப்பாளன் என்கிறோம்.

அமெரிக்க அரசுக்கு இது ஒரு கட்டத்தில் புரிந்தது. 1933இல் ரூஸ்வெல்ட், மக்கள் கையில் இருக்கும் தங்கக் காசுகளை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லி ஆணை போட்டார். ஒப்படைத்த காசுகள் உருக்கப்பட்டன. ஆனால் அந்த ஆணையிலேயே ஒரு விலக்கு எழுதப்பட்டிருந்தது. சேகரிப்பாளர்களிடையே தனி மதிப்புப் பெற்ற அபூர்வக் காசுகளை ஒப்படைக்கத் தேவையில்லை. அப்போதைய நிதிச் செயலர் வில்லியம் வுடின் காசு சேகரிப்பாளர், அமெரிக்க மாதிரிக் காசுகளைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். பசியும் வேலையின்மையும் உச்சத்தில் இருந்த நேரத்தில்கூட, எடைக்கு மேல் ஒரு மதிப்பு காசுக்கு இருக்கலாம் என்று ஒரு அரசு சட்டத்தில் எழுதியது. நம் சட்டத்துக்கு இன்னும் அந்தச் சந்தேகம்கூட வரவில்லை.

*

இப்படிச் சொன்னதும் நான் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்குச் சால்வை போர்த்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த உலகத்தின் நோய் வேறு.

அங்கே காசுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிறார்கள். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் செம்புக் காசுகளுக்காக வகுத்த அளவுகோல் இது. 1980களில் பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சி போன்ற நிறுவனங்கள் வந்து, காசை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, மதிப்பெண்ணை மேலே ஒட்டி சீல் வைக்கத் தொடங்கின. ஒரு மதிப்பெண் கூடினால் விலை இரட்டிக்கும், சில காசுகளில் பத்து மடங்காகும். கீறல், துளை, வெட்டு இருந்தால் மதிப்பெண்ணே கிடையாது. 'டீடெயில்ஸ்' என்று எழுதி ஓரங்கட்டிவிடுவார்கள். எஞ்சினியரிங்கில் அரியர் வைத்தவன் மாதிரி.

(ஷெல்டனைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பில் இருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்தவர் அவர் என்பது அவர் இறந்த பிறகு வெளியே வந்தது. தரத்தை அளக்கக் கற்றுக்கொடுத்த ஆளுக்குத் தரத்தின் மேல் அவ்வளவு ஆசை.)

இந்த அளவுகோலைக் கறுக்காக்குறிச்சிக் காசின் மேல் வைத்துப் பாருங்கள். தேறாது. தலையில் வெட்டு வாங்கிய காசு, 'டீடெயில்ஸ்'. தென்னிந்தியாவில் கிடைத்த பிற்கால ரோமானியக் காசுகள் சிலவற்றில் பேரரசனின் தலைக்கு மேலே இரண்டு துளை இருக்கும், கோத்துக் கழுத்தில் போட. அதுவும் 'டீடெயில்ஸ்'. ரோமானியக் காசைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த நகல்களும் கிடைத்திருக்கின்றன. எழுத்துத் தெரியாதவன் எழுத்தைப் படம் மாதிரி பார்த்து வரைந்திருப்பான். அது சந்தைக்குப் 'போலி'.

அதாவது, எந்தக் காசு மனிதர்கள் கையில் புழங்கவே இல்லையோ அதற்குத்தான் முதல் மதிப்பெண். வங்கிப் பெட்டகத்திலிருந்து பிளாஸ்டிக் பெட்டிக்குப் போன காசு. யாரும் அதைக் கொடுத்து எதையும் வாங்கவில்லை, யாரும் அதைக் கழுத்தில் போடவில்லை, யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. நான் பிழைக்கும் தொழிலின் பாஷையில் சொன்னால், லாக் ஃபைலை அழித்துவிட்டு சிஸ்டம் சுத்தமாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பது இது. வெட்டும் துளையும்தான் லாக். இந்தக் காசு எங்கே போனது, யார் கையில் என்ன பாடுபட்டது என்பதற்கு அதைத் தவிர வேறு பதிவு இல்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் என் வயதுக்காரர்கள் இப்போது இந்த மதிப்பெண் சேகரிப்பில் இறங்கியிருக்கிறார்கள். முதலீடு என்கிறார்கள். மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் பேசுகிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் பிளாஸ்டிக் பெட்டியில் மதிப்பெண் எழுதியிருக்கிறது, சரி. ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறதா?

*

சேகரிப்பு என்றால் என்னவாக இருக்க முடியும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. சங்க காலத் தமிழ் மன்னர்கள் பெயர் பொறித்துக் காசு அடித்தார்களா என்று நெடுங்காலம் சந்தேகம் இருந்தது. 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' என்று தமிழ்-பிராமியில் எழுதிய பாண்டியர் காசை அடையாளம் கண்டு வெளியிட்டார். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகளிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற சேரர் பெயர்கள் படிக்கப்பட்டன. அவர் பத்திரிகை ஆசிரியர். தொழில்முறைத் தொல்லியலாளர் கிடையாது. வாங்கினார், படித்தார், படம் போட்டுப் புத்தகமாக்கினார். அந்தக் காசுகளில் பல மட்டமாகத் தேய்ந்தவை. பெரும்பாலும் செம்பு, கொஞ்சம் வெள்ளி. அமெரிக்க அளவுகோலில் பத்து மதிப்பெண் தேறாது. ஆனால் அவை இல்லாவிட்டால் சங்க கால அரசியலைப் பற்றி நாம் இன்னும் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருப்போம்.

எனக்குச் சேகரிப்பின் மேல் கோபம் இல்லை என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன். படிக்காமல் சேர்ப்பதன் மேல்தான் கோபம்.

*

இனி மூசைக்கு வருவோம். உருக்குகிறவர்களைக் கொடியவர்களாக்கிப் பேசுவது சுலபம். ஆனால் அது பொய்.

என் அப்பத்தாவிடம் ஒரு காசுமாலை இருந்தது. அதில் சில காசுகள் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பவுன் காசுகள். நாம் தங்கத்தை அளக்கும் 'பவுன்' என்ற சொல்லே அந்த இங்கிலீஷ் காசிலிருந்து வந்ததுதான். அந்தக் காசின் எடை 7.98 கிராம், அதை எட்டாக்கி இன்றைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அந்த மாலை பக்கத்து டவுன் பட்டறைக்குப் போனது. கூடப் போயிருந்தேன். பத்தர் ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தலையெல்லாம் தேஞ்சு போச்சு ஆத்தா, எடைதான் பேசும்" என்றார். அப்பத்தாவும், "எடைய ஒழுங்காப் போடுப்பா, அது போதும்" என்றது. அவ்வளவுதான் பேச்சு. என் முதல் வருஷ ஃபீஸ் அது.

அப்பத்தா செய்தது சரி. நூற்றாண்டுக் கணக்காக இந்த மண்ணில் தங்கம்தான் ஏழைக்கு வங்கி, இன்ஷூரன்ஸ், எல்லாம். நகையை உருக்குவது குற்றமில்லை. ஜார்ஜ் மன்னர் காசு கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது, அது போனால் வரலாறு ஒன்றும் அழிந்துவிடாது. ஆனால் ஒரு தங்கக் காசு கையில் வந்தால் அதைக் கொண்டுபோக நம் மக்களுக்குத் தெரிந்த ஒரே இடம் பட்டறைதான் என்பதை அந்தக் காட்சி எனக்குச் சொன்னது. கழுத்திலிருந்து கழற்றிய காசானாலும் சரி, வரப்பு வெட்டும்போது மண்ணிலிருந்து வந்த காசானாலும் சரி.

வரப்பிலிருந்து வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கேரளத்தில் கண்ணூர் அருகே கோட்டயம் என்ற ஊரில் 1847இல் ரோமானியத் தங்கக் காசுகள் ஒரு பெரும் குவியலாகக் கிடைத்தன. எத்தனை காசு என்று இன்றுவரை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எண்ணி எழுதுவதற்கு முன்பே கைமாறிச் சிதறிவிட்டன. கறுக்காக்குறிச்சியில் 501 என்று நம்மால் சொல்ல முடிகிறது என்றால் அது யாரோ எண்ணியதால். அந்த எண்ணிக்கைக்காகத்தான் நான் சண்டை போடுகிறேன்.

*

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எங்கே, என்றைக்கு, என்ன கிடைத்தது என்று சொல்ல வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய சொந்தக்காரர் யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அவர்களுக்குள் வேறு ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. புதையலை அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால், அதிலுள்ள உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். உலோகத்தின் மதிப்பு, கூட இருபது சதவீதம். ஆகஸ்டஸ் காசுக்கும் நேற்று அடித்த காதுத் தோட்டுக்கும் இந்தச் சட்டத்தின் கண்ணில் அந்த இருபது சதவீதம்தான் வித்தியாசம்.

ஒரு கணக்குப் போடுவோம். எங்கள் தாலுகாவில் அடுத்தவர் வயலில் கூலிக்கு மண் வெட்டும் ஒருவருக்குப் பத்து பழங்காசு கிடைக்கிறது. உலோக மதிப்பை 1 என்று வைத்துக்கொள்வோம். அரசு எடுத்துக்கொண்டால் மொத்தம் கொடுப்பது 1.2. அதில் நாலில் மூன்று கூலிக்காரருக்கு. 1.2 பெருக்கல் 0.75, விடை 0.9. அதாவது உண்மையைச் சொன்னால், வி.ஏ.ஓ., தாசில்தார், போலீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்து, ஊரெல்லாம் தெரிந்து, உறவெல்லாம் கேள்வி கேட்டு, கடைசியில் கைக்கு வருவது 0.9. ராத்திரியோடு ராத்திரியாகப் பட்டறைக்குப் போனால் சேதாரம் கழித்தாலும் அதற்குக் குறையாமல் உடனே கிடைக்கும். டவுனிலிருந்து வரும் புரோக்கர் அதைவிடக் கூடுதலாகத் தருவான், எந்த ஊரில் கிடைத்தது என்பதை மறைத்துவிடுவான்.

இப்படி ஒரு சிஸ்டத்தை வடிவமைத்துவிட்டு, மக்களுக்கு வரலாற்று உணர்வு இல்லை என்று பேசுவது அயோக்கியத்தனம். உண்மை சொல்கிறவனுக்கு அபராதமும் மறைக்கிறவனுக்குப் பரிசும் வைத்திருக்கிற ஏற்பாட்டில் வரலாற்று உணர்வு எங்கிருந்து வரும்?

இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தங்கள் நாட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கிலாந்தில் 1996இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். தனியான ஒரு குழு சந்தை விலையை மதிப்பிடும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் அந்தச் சந்தை விலை கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் போகும். புதையல் வகைக்குள் வராத சின்னப் பொருளைக்கூட, எங்கே கிடைத்தது என்ற குறிப்போடு பதிவு செய்ய 1997இல் தனித் திட்டம் தொடங்கினார்கள். இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியிருக்கின்றன. நம் கறுக்காக்குறிச்சிக் காசைப் பற்றி எழுதிய அதே ஜார்ஜ் ஹில், பின்னாளில் பிரிட்டிஷ் மியூசியத்தின் இயக்குநராகி, 1936இல் புதையல் சட்டங்களின் வரலாற்றைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். அவர்கள் யோசித்தார்கள், விவாதித்தார்கள், மாற்றினார்கள். நாம் மட்டும் அவர்கள் 1878இல் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

*

இரண்டு மறுப்புகள் வரும். இரண்டும் நியாயமானவை.

ஒன்று, சந்தை விலை கொடுத்தால் ஆளாளுக்குக் கடப்பாரையோடு கிளம்பிவிடுவார்கள், தொல்லியல் மேடுகள் நாசமாகும். உண்மைதான், அந்த ஆபத்து உண்டு. எனவே பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் மேடுகளிலும் தோண்டியவனுக்குப் பைசா கிடையாது, வழக்குதான் என்று வைக்க வேண்டும். தற்செயலாகக் கிடைத்து, இடத்தைக் கலைக்காமல், உடனே சொன்னவருக்கு மட்டும் முழு விலை. இதைப் பிரித்துப் பார்க்க முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இப்போது இருக்கும் சட்டத்திலும் கடப்பாரைகள் ஓயவில்லை. ஓய்ந்திருப்பது தகவல் மட்டும்தான்.

இரண்டு, மண்ணில் கிடைப்பது நாட்டின் சொத்து, அதற்கு ஏன் தனிமனிதருக்குச் சந்தை விலை? இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். நாட்டின் சொத்தை நாட்டுக்குக் கொடுக்கும் தியாகத்தை, நாள் கூலிக்கு மண்வெட்டி பிடிக்கும் ஆளிடம் மட்டும் கேட்கிறார்கள். நான் அதை விலை என்றே சொல்ல மாட்டேன். தகவலுக்கான கூலி. பத்து காசு எங்கே, எந்த ஆழத்தில், எந்தப் பானையில் கிடந்தது என்ற தகவல், அந்தப் பத்து காசைவிட மதிப்பு கூடியது.

*

கடைசியாக நம் பெருமை.

ரோமாபுரியின் செல்வம் இந்தியாவுக்கு வடிகிறது என்று பிளினி முதல் நூற்றாண்டில் குறைப்பட்டுக்கொண்டான். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஸ் இந்தியா இழுத்துக்கொள்கிறது என்று கணக்கும் சொன்னான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாம் ஐம்பது ஆண்டுகளாக மேடையில் மார்தட்டுகிறோம். ஆனால் கறுக்காக்குறிச்சியில் உளி பிடித்தவருக்கு ரோம் பெரிய ஆச்சரியமாக இருந்ததாகத் தெரியவில்லை. பேரரசனின் முகத்தில் ஒரே போடு போட்டுவிட்டு அடுத்த காசை எடுத்திருக்கிறார். நாம்தான் இரண்டாயிரம் ஆண்டு கழித்து ரோமானியனிடம் சான்றிதழ் வாங்கிக் கொண்டாடுகிறோம்.

எங்கள் ஊர்க் கதை எல்லோருக்கும் தெரியும். குதிரை வாங்கிவர பாண்டியன் பொன் கொடுத்து அனுப்ப, மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, பொன்னையெல்லாம் இறைபணிக்குச் செலவழித்தார். நரி பரியானதும், பரி நரியானதும் அதன் பிறகு. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் கடல்வழியாக வரும் குதிரைக்குப் பாண்டிய நாட்டுப் பொன் போய்க்கொண்டிருந்ததை மார்க்கோ போலோவும் எழுதுகிறார். பொன் இங்கே வந்து குவிந்தது என்பது மட்டும் வரலாறு கிடையாது. இங்கிருந்து போனதும், கணக்குக் கேட்கப்பட்டதும், கணக்குச் சொல்ல முடியாமல் ஒருவர் தண்டனை அனுபவித்ததும் சேர்ந்ததுதான். பெருமைப் பதிவுகளில் வரவு மட்டும்தான் இருக்கும். செலவுப் பக்கம் யாரும் திருப்புவதில்லை.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலில் மண் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. செய்தியில் முதலில் வந்தது எடை, 1.716 கிலோ. படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. காசுகள் கருவூலத்துக்குப் போயின. அதற்குப் பிறகு உங்களில் எத்தனை பேர் அந்தக் காசுகள் யார் அடித்தவை, யார் புதைத்தது என்று தேடினீர்கள்? பெருமை பத்து நாள்தான் தாங்கும்.

*

இதை வாசிக்கும் உங்களுக்குச் சேகரிக்க ஆசை இருந்தால் தங்கத்தில் தொடங்க வேண்டாம். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசில் தொடங்குங்கள். சின்னச் செம்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த காசு. எங்கள் பக்கத்து வீடுகளில் சாமி அறைப் பெட்டியில் இன்னமும் இரண்டொன்று கிடக்கும். உருக்கினால் ஒன்றும் தேறாது, அதனால்தான் பிழைத்திருக்கிறது. கிடைத்தால் யார் வீட்டில், எந்த ஊரில், யார் கொடுத்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். மதிப்பெண் வேண்டாம். ஊர்ப்பெயர் போதும். திருக்கோகர்ணத்திலேயே 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. கண்டெடுத்தவருக்கு உலோக விலையை விட்டுவிட்டுச் சந்தை விலை. அதை மாதக் கணக்கில் இழுக்காமல் கொடுக்க ஒரு காலக்கெடு. கிடைத்தவை கருவூல இருட்டில் கிடக்காமல், படமும் எடையும் ஊர்ப்பெயருமாக எல்லோரும் பார்க்கும்படி ஒரு பொதுப் பதிவேடு. மூன்றாவதைக் கட்டிக்கொடுக்க என்னைப் போன்ற ஆட்கள் நாலு பேர் போதும், சனி ஞாயிறில் முடித்துக்கொடுத்துவிடுவோம். முதலிரண்டுக்கும் சட்டம் மாற வேண்டும்.

எங்கள் மாவட்டத்து மண்ணில் இன்னும் எத்தனை பானை இருக்கிறதோ, அடுத்ததைப் பார்க்கப்போவது ஏதோ ஒரு கூலிக்காரரின் மண்வெட்டிதான். அவருக்கு வரலாற்றுப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த 0.9ஐ ஒன்றுக்கு மேலே கொண்டுபோங்கள். எங்கே கிடைத்தது என்று அவரே வந்து சொல்வார்.